தோட்டத்துப் பிள்ளை லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டுமென்றால்

எங்கள் பக்கம் தோட்டம் என்றால் பூந்தோட்டம் இல்லை, எஸ்டேட். ரப்பரும் செம்பனையும் லயத்து வீடும், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் சேர்ந்ததுதான் தோட்டம். அதனால் நான் எடுக்கப் போகும் படிப்பைப் பற்றி அம்மாவிடம் சொன்ன அன்று, "தோட்டத்த விட்டு வெளிய போகணும்னுதானே படிக்க வெச்சேன், திரும்பவும் தோட்ட வேலைக்கா நாலு வருஷம் படிக்கப் போற?" என்று கேட்டார். எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. மலேசியாவின் பேரா மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் இந்தத் தொழில் செய்யும் ஒருவரையும் அதுவரை நான் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிற பிள்ளைகளுக்கும் அதே நிலைதான். அவர்களுக்காகவும், அம்மா கேட்ட கேள்வியையே கேட்கப் போகும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன வேலை?

கட்டடத்துக்கு வெளியே இருக்கும் நிலத்தை வடிவமைக்கும் வேலை. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், மேட்டை எவ்வளவு வெட்டலாம், நடைபாதை எங்கே போக வேண்டும், மாலை வெயிலுக்கு எந்த மரம் நிழல் தரும், அந்த மரத்தின் வேர் பத்து ஆண்டு கழித்து எந்தக் கால்வாயை உடைக்கும் என்று முன்கூட்டியே யோசித்து, வரைந்து, கணக்குப் போட்டு, கட்டும் வேலையை எடுத்த குத்தகையாளர் கையில் கொடுத்து, அவர் அதன்படி செய்கிறாரா என்று வெயிலில் நின்று பார்ப்பது. செடி வளர்ப்பவரும், நாற்று விற்பவரும், புல் வெட்டுபவரும் நமக்குப் பங்காளிகள். ஆனால் அவர்கள் வேலை வேறு, நம் வேலை வேறு.

உதாரணம் வேண்டுமென்றால் தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள், எங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லை. ஈயம் தோண்டிப் போட்ட பள்ளங்கள்தான் 1880களில் அந்தப் பூங்காவாக மாறின. தண்ணீருக்கு மேல் கைநீட்டிப் படுத்திருக்கும் தூங்குமூஞ்சி மரங்களும் அந்தக் காலத்தில் நட்டவைதான். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் காலடியில் இருக்கும் 50 ஏக்கர் பூங்காவை வடிவமைத்தவர் பிரேசில் நாட்டின் ரொபெர்ட்டோ பர்லே மார்க்ஸ். 1994ல் அவர் இறந்துவிட்டார், அது திறக்கப்பட்டதைப் பார்க்கவில்லை. புத்ராஜெயாவில் ஏரிக்கு மேலே சுமார் 200 ஹெக்டரில் ஒரு செயற்கைச் சதுப்புநிலம் இருக்கிறது. அங்கே நாணலும் கோரையும் அழகுக்காக மட்டும் நிற்கவில்லை, ஏரிக்குள் போகும் தண்ணீரை வடிகட்டுகின்றன. இந்த மூன்றும் ஒரே தொழில்தான்.

முதல் படி: உங்கள் ஊரை நடந்து அளந்து பாருங்கள்

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே செய்யக்கூடியது இது. காசு செலவில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு கயிறு போதும்.

மதியம் மூன்று மணிக்கு டவுனுக்குப் போங்கள். பஸ் நிற்கும் இடத்தில் சனங்கள் கூரைக்குக் கீழே நிற்கிறார்களா, பக்கத்துக் கடையின் முன்நடையான அஞ்சடியில் ஒதுங்கி நிற்கிறார்களா? எங்கள் ஊரில் பெரும்பாலும் அஞ்சடிதான். கூரை இருந்தாலும் மேற்கு வெயில் சாய்ந்து உள்ளே அடிக்கும். யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார், மூன்று மணிக்கு வந்து நின்று பார்க்கவில்லை. இதை நோட்டில் வரையுங்கள். வரைபடம் அழகாக வர வேண்டியதில்லை. சூரியன் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம், ஆட்கள் எங்கே என்று மூன்றும் இருந்தால் போதும்.

அடுத்து, மழை விட்டவுடன் வெளியே போங்கள். நம் நாட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அரைமணி நேர மழையில் கோயில் வாசலில், பள்ளித் திடலில், தாமான் எனும் வீடமைப்புப் பகுதியின் முச்சந்தியில் எங்கெங்கே தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது? இதைக் குறித்து வைத்தாலே நீங்கள் பாதி தொழிலைத் தொட்டுவிட்டீர்கள் என்பேன்.

திடலின் குறுக்கே புல் தேய்ந்து ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கும். நகராண்மைக் கழகம் போட்ட சிமெண்டுப் பாதை வேறு பக்கம் சுற்றிப் போகும். அந்த ஒற்றையடிப் பாதையை நான் எப்போதும் முதலில் வரைவேன். எங்கே பாதை வேண்டும் என்று சனங்கள் காலால் எழுதிக் காட்டியது அது.

அப்புறம் அளவு. உங்கள் காலடி எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துகொள்ளுங்கள். செம்பனைக் காட்டில் இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. வழக்கமாக மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு முக்கோணமாக நடுவார்கள், ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 140 மரம் வரும். பத்து மரம் தாண்டி நடந்து காலடியை எண்ணினால் 90 மீட்டரில் உங்கள் காலடிக் கணக்கு கிடைத்துவிடும். நான் இன்றைக்கும் புது இடத்துக்குப் போனால் டேப்பை எடுக்கும் முன் காலால்தான் அளக்கிறேன்.

மேட்டில் மண்ணைப் படிபடியாக வெட்டி, ஒரே மட்டத்தில் செம்பனை நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் தாத்தா காலத்து ஆட்களுக்கு அந்தக் கோடு போடத் தெரியும். வகுப்பில் சமவுயரக் கோடு என்று விரிவுரையாளர் வரைந்தபோது பட்டணத்துப் பிள்ளைகள் முழித்தார்கள். எனக்கு அது பின்பக்கக் காடு.

மரங்களின் பெயரையும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று பெயர் எழுத வேண்டும்: தமிழ், மலாய், அறிவியல் பெயர். நம் தூங்குமூஞ்சி மரம் மலாய்க்காரர்களுக்குப் புக்குல் லீமா, அதாவது அஞ்சு மணி மரம், சாயங்காலம் இலை மூடுவதால். வரைபடத்தில் எழுதும்போது அது சமானியா சமான். நம் மகிழம் அவர்களுக்குத் தஞ்சோங். நம் பூமருது அவர்களுக்குப் பூங்கோர். நம் நெல்லிதான் போக்கோக் மலாக்கா. மலாக்கா நகரத்துக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் மரம் அம்மா ஊறுகாய் போட்ட நெல்லி என்று தெரிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தப் பட்டியலில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது: கோயிலாலும் சமையலாலும் மருந்தாலும் ஐம்பது மரம் நமக்கு ஏற்கெனவே தெரியும். அறிவியல் பெயரைத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாம் படி: படிப்புக்கான வழி

ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வில் மலாய், கணிதம், ஆங்கிலம் மூன்றிலும் கவனமாக இருங்கள். புவியியல், உயிரியல், ஓவியம் இருந்தால் நல்லது. ஓவியம் எடுக்கவில்லையே என்று பின்வாங்க வேண்டாம், கையில் பழக்கம் இருந்தால் போதும்.

அதற்குப் பிறகு ஆறாம் படிவத்து எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி அல்லது டிப்ளோமா. எது வழியாகவும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யுபியுவில் விண்ணப்பிக்கலாம். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் பட்டம் தரும் அரசுப் பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகள் பார்க்க வேண்டியவை செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகம், ஜொகூர் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோம்பாக்கில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம். பெயரைப் பார்த்து மூன்றாவதைத் தள்ளிவிடாதீர்கள், முஸ்லிம் அல்லாத மாணவர்களும் அங்கே படிக்கலாம். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யுஐடிஎம்மில் இந்தப் பாடம் இருக்கிறது, அதன் வளாகம் ஒன்று பேராவிலேயே ஸ்ரீ இஸ்கண்டாரில் இருக்கிறது, ஆனால் அங்கே மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா மாணவர்களுக்குத்தான் இடம். இதை யாரும் முன்கூட்டியே சொல்லாமல் ஆசைப்பட்டு ஏமாந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தனியார் கல்லூரி என்றால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: இந்தப் பட்டத்துக்குத் தொழில் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேர்முகத்துக்கு அழைத்தால் முதல் படியில் வரைந்த அந்த நோட்டைக் கொண்டு போங்கள். காசு கொடுத்து அச்சடித்த பளபளப்பான கோப்பைவிட மழைத்தண்ணீரில் ஓரம் நனைந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம். ஏன் இந்தப் பாடம் என்று கேட்பார்கள். "இயற்கை பிடிக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் உங்கள் பஸ் நிறுத்தத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

மதிப்பெண் குறைந்தாலும் வழி அடைபடவில்லை. பொலிடெக்னிக்கில் தோட்டக்கலை டிப்ளோமாவும், திறன் சான்றிதழ் படிப்பும் உண்டு. அந்த வழியில் போய் மேற்பார்வையாளராகத் தொடங்கி, பிறகு பட்டம் முடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஏமாற்றுவது குத்தகையாளர்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

மூன்றாம் படி: நான்கு ஆண்டு ஸ்டூடியோ

படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டு. அதன் முதுகெலும்பு ஸ்டூடியோ. ஓர் இடத்தைக் கொடுப்பார்கள், போய்ப் பார்த்து, ஆராய்ந்து, வடிவமைத்து, எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். ஆசிரியர்கள் கிழிப்பார்கள், சில சமயம் காகிதத்தையே. முதல் தடவை அழுகை வரும். கிழிபடுவது வரைபடம், நாம் இல்லை என்று புரிய எனக்கு மூன்றாம் பருவம் ஆயிற்று.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு வாய்ப்பேச்சில் தயக்கம் இருக்கும். விளக்கம் மலாயிலோ ஆங்கிலத்திலோதான். முந்தின இரவு அறைத் தோழரை உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள். மென்பொருள்களில் ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் இரண்டும் எப்படியும் தேவைப்படும். நல்ல மடிக்கணினி ஒன்று வாங்க வேண்டியிருக்கும், பெற்றோர் இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடன் வந்து சேரும் வரை கையில் கொஞ்சம் இருப்பும் வேண்டும்.

ஒரு கணக்கை மட்டும் இப்போதே பழகுங்கள்: சரிவு. சக்கர நாற்காலி போகும் சாய்தளம் 12க்கு 1, அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. உங்கள் ஊர்க் கோயில், கிளினிக், பள்ளி வாசல்களை அளந்து பாருங்கள். எத்தனையோ இடத்தில் பாட்டியை ஏன் தூக்கிக்கொண்டு போகிறோம் என்பதற்குக் காரணம் தெரியும்.

நான்காம் படி: களம்

படிப்பின் நடுவில் தொழிற்பயிற்சி வரும். குளிர்சாதன அறையில் படம் போடும் அலுவலகமும் கிடைக்கும், சேற்றில் நிற்க வைக்கும் அலுவலகமும் கிடைக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். கட்டுமானத் தளத்துக்குள் போக, கட்டுமானத் துறை வாரியமான சிஐடிபியின் பச்சை அட்டை வேண்டும், அதற்கு முன்னதாகவே பாதுகாப்புப் பயிற்சி எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

களத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் முதல் வேலையில் ஒரு தாமான் சாலையோரத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள். வரைபடம் என்னுடையது. நட்ட அன்று நான் போகவில்லை, அலுவலகத்தில் வேறு படம் முடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் போனேன், எல்லாம் நேராக, வரிசையாக, முட்டுக்கம்போடு நின்றன. படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆறேழு மாதத்தில் இலை மஞ்சளாகி, ஒரு காற்றில் பாதி மரம் சாய்ந்தது. தோண்டிப் பார்த்தால் நாற்றின் கருப்புப் பிளாஸ்டிக் பை வேரோடு அப்படியே உள்ளே இருந்தது. கிழித்தெடுக்கச் சோம்பல்பட்டுப் பையோடு குழியில் இறக்கி மண் மூடியிருக்கிறார்கள். குத்தகையாளரைத் திட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீங்க வந்து பாத்திருந்தா கழட்டியிருப்போம்" என்றார். அந்தப் பதிலை நினைத்தால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அது உண்மை.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. மரம் லாரியிலிருந்து இறங்கும்போது அங்கே இருங்கள். உயரம், அடிமரத்தின் பருமன், வேர்க்கட்டியின் அகலம் மூன்றையும் வரைபடத்தில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். குழியில் தண்ணீர் ஊற்றி வடிகிறதா என்று பாருங்கள், வடியாத குழியில் நட்டால் மரம் தொட்டியில் நிற்கிறது என்று அர்த்தம். பை கழன்றதைக் கண்ணால் பார்த்த பிறகே மண் மூடவிடுங்கள். அடிமரமும் வேரும் சேரும் வேர்க்கழுத்து பூமிக்கு மேல் தெரிய வேண்டும், ஆழமாகப் புதைத்தால் மெதுவாகச் சாகும். கட்டிய கயிற்றை எப்போது அவிழ்ப்பது என்றும் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அது மரத்துக்குள் வெட்டிக்கொண்டு போகும். பராமரிப்புக் காலம் முடியும் வரை மாதம் ஒருமுறை போங்கள். பணம் கைமாறும் நாளில் எல்லா மரமும் பச்சையாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. நாற்று வாங்கும் இடத்தைப் பழகுங்கள். சிலாங்கூரில் சுங்கை பூலோ நர்சரிகளை ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். 1930ல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பில் இருந்தவர்கள் செடி வளர்த்து விற்றுப் பிழைத்ததும் அந்த ஊரின் நர்சரிக் கதையில் ஒரு பகுதி. அங்கே ஒரு பெரியவரிடம் அரைமணி நேரம் பேசினால் எந்த மரம் எந்த மண்ணில் முகம் சுளிக்கும் என்று சொல்லிவிடுவார்.

ஐந்தாம் படி: கழகம், வட்டாரம்

பட்டம் வாங்கியவுடன் நீங்கள் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று அட்டை அடிக்கக்கூடாது. மலேசியாவில் இந்தத் தொழிலுக்கான கழகம் இலாம் என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது, 1981ல் தொடங்கியது. மாணவராக இருக்கும்போதே சேரலாம். பட்டதாரி உறுப்பினராகி, அனுபவம் சேர்த்து, மதிப்பீட்டைக் கடந்தால் முழு உறுப்பினர். பெயருக்கு முன்னால் எல்ஏஆர் என்று போட்டுக்கொள்பவர்கள் அவர்கள்தான். கட்டணத்தைப் பார்த்துத் தள்ளிப்போட்டவர்கள் பிறகு வருந்துவதைக் கண்டிருக்கிறேன்: பெரிய திட்டங்களின் வரைபடத்தில் கையெழுத்துப் போட ஆள் தேடும்போது உங்கள் அனுபவம் கணக்கில் வராது.

அரசாங்கப் பக்கம் தேசிய நிலத்தோற்ற இலாகா 1996 ஜனவரி 1ல் அமைக்கப்பட்டது. நகராண்மைக் கழகங்களிலும் நிலத்தோற்றப் பிரிவு உண்டு. அங்கே வேலை தேடுபவர்கள் பொதுச் சேவை ஆணையத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள்.

நாட்டுக்கு வெளியே இஃப்லா இருக்கிறது, 1948ல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய அனைத்துலகக் கூட்டமைப்பு. அதன் ஆசிய பசிபிக் வட்டாரத்தில் நம் கழகமும் சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், இந்தியா போன்ற நாடுகளின் கழகங்களும் உறுப்பினர்கள். இதெல்லாம் கோட் சூட் போட்டவர்கள் கைகுலுக்கும் இடம் என்று நானும் நினைத்திருந்தேன். அது கொஞ்சம் உண்மைதான். ஆனால் மாணவர்களுக்கான வடிவமைப்புப் போட்டிகள் அதன் வழியாக வருகின்றன, மாநாடுகளில் மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. 2018ல் உலக மாநாடு சிங்கப்பூரில்தான் நடந்தது, ஸ்கூடாய் மாணவர்களுக்குப் பாலத்தைத் தாண்டினால் போதும். நமக்கு இதில் பெரிய பயன் வேறு: ஐரோப்பியப் புத்தகம் பனியில் இலை உதிர்வதைப் பற்றிப் பேசும். பாங்காக்கிலும் மணிலாவிலும் இருப்பவர்கள் நம் மழையையும் நம் சேற்றையும் பற்றிப் பேசுவார்கள். சென்னையிலிருந்து வரும் ஒருவரோடு புன்னை மரத்தைப் பற்றித் தமிழிலேயே பேசலாம்.

இத்தகைய கூட்டங்களுக்குப் போனால் பெயர் அட்டை சேர்ப்பதை விட்டுவிட்டு ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் நட்டதில் எது செத்தது?" பேச்சு நிற்காது.

ஆறாம் படி: ஊருக்குத் திரும்புதல்

திரும்பிக் குடியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருந்துகொண்டே செய்யலாம். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறிக்கொண்டே வருகின்றன, மாறும்போது முதலில் போவது மரங்கள்தான். லயத்துக்குப் பின்னால் நின்ற மாமரம், பெரட்டுக் களத்துத் தூங்குமூஞ்சி, கோயில் அரசமரம் எல்லாம் ஒரே நாளில் மண்வாரி இயந்திரத்தின் கீழ் போகும். அப்போது ஊர்க்காரர்களுக்குத் தெரிய வேண்டிய சில விஷயங்கள் உங்களுக்குத்தான் தெரியும்.

1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில், அதாவது அக்தா 172ல், மரங்களுக்கான பகுதி ஒன்று 1995ல் சேர்க்கப்பட்டது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டக்கூடாது. செத்த மரம், ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. குறுக்களவில் சுமார் 25 சென்டிமீட்டர், சாப்பாட்டுத் தட்டு அகலம். முதல் படியில் கயிறு கொண்டுபோகச் சொன்னேனே, அதற்குத்தான். கயிற்றில் 80 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சுப் போட்டு, ஊர் மரங்களைச் சுற்றிப் பாருங்கள். முடிச்சு போதாத மரங்களைப் படமெடுத்து, இடம் குறித்து, பட்டியல் போடுங்கள்.

வீடமைப்புத் திட்டங்களில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாகக் கேட்பது வழக்கம். கேட்டதைக் கொடுப்பார்கள், எந்த மூலையில் என்பதுதான் கேள்வி. மின்கம்பிக்குக் கீழே, பெரிய கால்வாயோரம், யாரும் ஏற முடியாத சரிவு என்று எங்கும் விற்க முடியாத மண்ணெல்லாம் திறந்தவெளி ஆகும். வரைபடம் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "பழைய மரங்கள் நிற்கும் இந்த மேட்டைத் திறந்தவெளியாக விடுங்கள்" என்று கைவைத்துக் காட்டினால் அது பேச்சோடு போகாது. தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வடிகால் நீர்ப்பாசன இலாகா மழைநீர் மேலாண்மைக்காக வெளியிட்ட மஸ்மா கையேட்டைப் படித்துக்கொண்டு போங்கள், அதன் இரண்டாம் பதிப்பு 2012ல் வந்தது. மழைநீரை வந்த வேகத்தில் ஆற்றுக்குத் தள்ளாமல், விழுந்த இடத்திலேயே தேக்கி மெல்ல விடுவதுதான் அதன் வழி.

எந்த நிலம் எதற்கு என்று நிறம் பூசிக் காட்டும் உள்ளூர்த் திட்ட வரைவை ஊராட்சி மன்றம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் காலம் ஒன்று உண்டு. அறிவிப்பு பத்திரிகையில் சின்ன எழுத்தில் வரும். சுங்கை சிப்புட்டுக்காரர்களுக்குக் கோலாகங்சார் நகராண்மைக் கழகம். அங்கே போகும் நாளில் கொஞ்சம் நேரம் ஒதுக்கி, மாவட்ட அலுவலகத்து முன்னால் நிற்கும் ரப்பர் மரத்தையும் பாருங்கள். 1877ல் அந்த ஊரில் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது அது. பார்த்துவிட்டு உள்ளே போய், வரைவு விரித்து வைத்திருக்கும் மேசையில் உங்கள் தோட்டம் எந்த நிறத்தில் பூசப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். ஆட்சேபம் இருந்தால் அங்கேயே படிவம் கேளுங்கள். காலக்கெடுவுக்குள் எழுத்தில் கொடுங்கள், மரப் பட்டியலைப் பின்னால் இணையுங்கள், முத்திரை குத்திய நகல் ஒன்றைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.